நட்சத்திரக் குறியிட்ட வினா

டெல்லியில் கிளம்பிய கேள்வி
சென்னையில் இறங்கி, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில்
இன்னொரு முத்திரை வாங்கிக்கொண்டு
குடியாத்தத்தில் என் மேசைக்கு வந்தபோது
அதன் நட்சத்திரம் ஜெராக்ஸில் மசிந்து
மூட்டைப்பூச்சியாகியிருந்தது.

அவசரம். நாடாளுமன்ற வினா. மாலை ஐந்துக்குள்.
தாலுகாவில் சைரன் எத்தனை,
இயங்குபவை எத்தனை,
ஒலித்தால் மக்களுக்குப் புரியுமா.
கடைசிக் கட்டத்தில் ஆம் / இல்லை மட்டும்.

தாசில்தார் பட்டா முகாமில் இருந்தார்.
"நீயே போய்ப் பாத்துடும்மா" என்றார் போனில்.
பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

நகராட்சி மொட்டைமாடிச் சாவி
ஊர்க்காவல் படை ஏகாம்பரத்திடம்.
பீடி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்,
மேலே காக்கிச் சட்டை, கீழே கட்டம் போட்ட லுங்கியோடு
மூச்சு வாங்க வந்தார்.
பங்குனி வெயிலில் கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை.
சைரனின் வாய்க்குள் குளவிக் கூடு.
ஒயர்மேன் கோதண்டன் கந்தலைக் கொளுத்திப் புகை காட்டினான்.
எந்த எச்சரிக்கையும் இல்லாமலே
மூவரும் சரியான திசையில் ஓடினோம்.

"மேல கேட்டுட்டு ஊதலாமா?"
"ஊதுற சங்கை ஊதிடுவோம் மேடம்"
என்று கைப்பிடியை இழுத்தான்.

முப்பத்தேழு வினாடி.
முதலில் இருமல், பிறகு கன்றைத் தேடும் எருமை,
அப்புறம் நிஜமாகவே
நெஞ்சுக்குழியைப் பிடித்து இழுக்கிற ஓசை.
ஏகாம்பரம் தன்னையறியாமல் சல்யூட் வைத்தார்.

கீழே
யாரும் ஓடவில்லை. யாரும் குப்புறப் படுக்கவில்லை.
நெல்லூர்பேட்டைத் தீப்பெட்டி கம்பெனியில்
முந்நூறு பெண்கள் மருந்துக் கையைக் கழுவிவிட்டு
டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.
பன்னிரண்டரைச் சங்கு
இன்றைக்கு அரைமணி முன்னால் இரக்கப்பட்டுவிட்டதென்று.
சூப்பர்வைசர் கத்திக்கொண்டே ஓடி வந்தாராம்.
சகுந்தலா என்கிறவள் புளிச்சோற்றைப் பிசைந்தபடி சொன்னாளாம்:
"ஊதினா சாப்பிடணும். வேற எதுக்கு ஊதுவாங்க?"

இதை எந்தக் கட்டத்தில் எழுத?

ஒரு கார்த்திகையில்
மோர்தானா நிரம்பிக் கவுண்டன்யா ஆறு
நடுராத்திரி ஊருக்குள் வந்தது.
அன்றைக்கு இந்தச் சைரனுக்குக் கரண்ட் இல்லை.
பள்ளிவாசல் மைக்கை பேட்டரியில் போட்டு
வாஹித் பாய் பெயர் சொல்லிச் சொல்லி எழுப்பினார்:
கோபாலபுரம் ஆத்தோரம், எல்லம்மா, பசங்களத் தூக்கு,
தணிகாசலம், மாட்டை அவுத்து விடு,
பின்வீட்டுக் கிழவருக்குக் காது கேக்காது, கதவைத் தட்டு.
படிவத்தில் பள்ளிவாசலுக்குக் கட்டமில்லை,
கதவுக்கும் இல்லை.

சைரன்: 1. இயங்குபவை: 1.
மக்களுக்குப் புரியுமா,
அங்கே பேனா நின்றது.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே கிடந்த சாய்கோட்டின் மேல்
டிக் அடித்து அனுப்பினேன்.
வேலூரில் அதை யாரோ
ஆம் பக்கம் நகர்த்திவிட்டார்கள்.

வியாழனன்று டிவியில் பார்த்தேன்.
அமைச்சர் எழுந்தார்:
"விவரங்கள் அவையின் மேசை மேல் வைக்கப்பட்டுள்ளன."
எதிரே ஒருவர், போர் வந்தால் பதுங்க எங்கே இடம் என்றார்.
இந்தப் பக்கம் ஒருவர்
நீ எந்த நாட்டுக்காரன் என்றார்.
பிறகு எல்லாரும் எழுந்து நின்றார்கள்.
கூச்சலில் சபாநாயகரின் மணி
எனக்குக் கேட்கவில்லை, அவர்களுக்கும்.
இரண்டு மணி வரை ஒத்திவைப்பு.
பெரிய கூட்டுத்தொகைக்குள் எங்கேயோ
என்னுடைய ஒன்று.

வெள்ளிக்கிழமை சகுந்தலா வந்தாள்.
விரலிடுக்கில் இன்னும் மருந்தின் சிவப்பு.
முந்நூறு பேருக்கும் அரைநாள் கூலி பிடித்துவிட்டார்களாம்.
"யார் ஊதினது?"
நான்தான் என்றேன்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
"சரி. அடுத்த தடவை ஊதினா
நாங்க என்ன செய்யணும்?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெறுமை.
மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றி
நின்றுகொண்டிருக்கிறாள்.