கரைச் சம்பளம்

கப்பலில் உப்புக்குக் காசில்லை.
சோற்றுக்கு, கட்டிலுக்கு, குளிக்கிற தண்ணிக்கு,
பல்லுக் கொதித்தால் போடுகிற குளிசைக்கு
ஒன்றுக்கும் இல்லை.
சிங்கப்பூருக்கும் சுயஸுக்கும் நடுவில்
பதினாறு நாள் பேர்ஸைத் திறக்கவேயில்லை.
லாச்சிக்குள் கிடந்து பூஞ்சணம் பிடித்தது.

கரையில் இறங்கிய அன்று
ஓட்டோக்காரன் ஆயிரத்து இருநூறு கேட்டான்.
அதிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

இப்போது காங்கேசன்துறையில்
இறங்குதுறை மேற்பார்வையாளர்.
அடிப்படை இவ்வளவு. மேலதிக நேரம் இவ்வளவு.
சேமலாப நிதிக்கு எட்டு வீதம் கழிவு,
முத்திரைக்கு இருபத்தைந்து ரூபா,
போன நத்தாருக்கு வாங்கிய முற்பணம்
இன்னும் நாலு மாதம் அறுக்கும்.
மருத்துவக் காப்புறுதியும் உண்டு:
மனைவி, பிள்ளைகள்.
அப்பாவின் சிறுநீரகம் அந்தப் படிவத்தில் இல்லை.

கொழும்புத்துறையிலிருந்து போய்வர
நாற்பத்தைந்து கிலோமீற்றர்.
மல்லாகம் தாண்ட முள் சிவப்பைத் தொடும்.
மகளுக்குப் பௌதிகவியலுக்கு ஒரு சேர்,
அதே பௌதிகவியலின் கணக்குக்கு இன்னொரு சேர்.
ஓகஸ்டில் ஏழு கலியாணவீடு.
ஐயாயிரத்துக்குக் குறைய வைத்தால்
உறையில் பேர் எழுதக் கை கூசும்.
இங்கே கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு முழம்தான்.
பாணின் விலைக்கு
ஏறத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஒரு மாக்கப்பல் வந்தது.
முன்தளத்தில் நின்றவன் எறிந்த கயிறு
என் சப்பாத்தில் வந்து விழுந்தது.
நிமிர்ந்து பார்த்தால் குருநகர்ப் பெடியன், யூட் நிமலராஜ்.
அந்த முனையில் மாதம் ஆயிரத்து இருநூறு டொலர்.
இந்த முனையில் நான்.
"அண்ணை, கரை எப்பிடி?" என்று கத்தினான்.
"கயிறைத் தளர்த்தடா" என்றேன்.

அன்று பின்னேரம் ஏஜென்சிக்காரர்
வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்.
இரண்டாம் அதிகாரி, எட்டு மாதம்,
கொழும்பில் ஏற வேண்டும், வெள்ளிக்குள் பதில்.
என்னுடைய தீயணைப்புச் சான்றிதழ்
மார்ச்சோடு காலாவதி.
புதுப்பிக்கிற காசையும்
கரைச்சம்பளம்தான் கட்டவேண்டும்,
தன்னை விட்டுப் போகிறவனுக்கு.

ஜெனிற்றா வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பிரட்டி
பின்பக்கத்தில் கோடு கீறினாள்.
வரவு. செலவு.
வீட்டுக்கடன், காஸ், சீட்டுக்காசு,
அப்பாவின் டயலிசிஸுக்கு ஹயர் வான்,
கிணற்று மோட்டருக்கு வயர்.
கடைசியில் ஒரு வரி:
*ராவில ஆள் வீட்டில.*
எழுதியது செலவுப் பக்கத்தில்.

கொஞ்சம் குத்தியது.
"அது மற்றப் பக்கம் அல்லோ வரவேணும்?"
இறால் உரித்தபடி நிமிராமல் சொன்னாள்:
"பன்னிரண்டு மணிக்கு எழும்பி
நாலு மணிமட்டும் லைற்றைப் போட்டுக்கொண்டு
முற்றத்துக்கும் குசினிக்கும் நடக்கிறியள்.
கரண்ட் காசு ஆர் கட்டுறது?"
நான் சிரிக்கவில்லை.
அவளும் உடனே சிரிக்கவில்லை.

கப்பலில் அது என் காவல் நேரம்.
கரைக்கு வந்து மூன்று வருடம்.
உடம்புக்கு ஒருவரும் கடிதம் கொடுக்கவில்லை,
ஒப்பந்தம் முடிந்ததென்று.

வியாழன் இரவும் எழும்பினேன்.
லைற்றைப் போடவில்லை.
போன் வெளிச்சத்தில் அட்டவணையைப் பார்த்தேன்.
பெருக்கு ஐந்து ஐம்பத்திரண்டு.
பிரட்டினேன்.
கடைசி வரி அப்படியே, செலவுப் பக்கத்தில்.
எல்லாவற்றுக்கும் தொகை போட்டுக்
கூட்டி அடிக்கோடும் கீறியிருந்தாள்.
அதற்கு மட்டும் பேனையை ஊன்றிய
ஒரு நீலப் பொட்டு.

ஏஜென்சிக்காரர் இன்னும் ஒன்லைனில் நிற்கிறார்.
அவருக்கும் நித்திரை இல்லைப்போல.
ஐந்துக்கு வெளிக்கிட வேணும்,
வழியில் பெற்றோல் அடிக்க வேணும்.