டப்பெட் கவர்

ஸ்ரான்லி வீதிக் கடையில்
குகராஜா மூன்றை எடுத்து வைத்தார்,
கண்ணாடி மேசையில், மரக்கறி மாதிரி.

முதலாவது குரோம். குனிந்தேன்:
என் மூக்குப் பெருத்து, நெற்றி ஓடி ஒளித்தது.
விரல் பட்டாலே சாட்சி சொல்லும் சாமான்.
இரண்டாவதில் சிவப்புப் பெயின்ற்,
நகத்தால் சுரண்ட உதிர்ந்தது.
மூன்றாவது அலுமினியம், வார்ப்பு.
முதுகில் ஒன்பது வரி,
வெங்காயம் நட முதல் பாத்தி கட்டிய தோட்டம் மாதிரி.
தூக்கினால் கனம்.

"மொறிசுக்கோ அக்கா? எந்த வருசம்?"
"அறுபத்திரண்டு."
"அது பிறந்ததே தகரத்தோடை.
என்னத்துக்கு இப்ப நகை?"
விற்கிறவர் கேட்கிற கேள்வியா இது?

வீட்டில் ஜெயசுதனும் அதைத்தான் கேட்டார்:
"பொனற்றைத் திறந்து ஆர் பாக்கப் போகினம்?"

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
நாளுக்கு அறுபது பேர்.
சட்டைக்குள், தோலுக்குள் என்ன கிடக்கிறது என்று
அவர்களுக்கு முதல் எனக்குத் தெரியும்.
பிறருக்குக் காட்டவென்று
விலா எலும்பை ஒருவரும் வளர்த்ததில்லை.
ஆனாலும் எவ்வளவு ஒழுங்கு அதில்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
"நான் பாப்பன்" என்றேன்.

ஞாயிறு. கொக்குவிலில் கரண்ட் இல்லை.
பழைய மூடியைக் கழற்றினேன்.
எட்டு ரொக்கர் கைகள், கறுத்த ஒயில் வடிய,
குளிக்கிற நேரம் கதவு திறபட்டவர்கள் மாதிரி
அப்படியே நின்றன.
துணியால் மூடினேன்.
விளிம்பில் ஒட்டிய பழைய கோர்க்
பலாப்பாலைப் போல விடமாட்டேன் என்றது.
பிளேட்டால் சுரண்டச் சுரண்டப் பத்து மணி.

புது மூடியின் விளிம்பு மட்டமோ?
அலுமாரிக் கண்ணாடியைப் படுக்கப்போட்டு மேலே வைத்தேன்.
ஒரு மூலையில் கடதாசி நுழைகிற வெளிச்சம்.
எமரித் தாளை விரித்து எட்டுப் போட்டேன்.
லைசன்ஸ் எடுக்கவும் இத்தனை எட்டுப் போட்டதில்லை.
இருநூறு வரை எண்ணினேன், பிறகு தவறிவிட்டது.
எப்போதோ அந்த வெளிச்சம் போயிருந்தது.

கோர்க்கை மூடியோடு மட்டும் ஒட்டி
மற்றப் பக்கம் மெல்லிசாய்க் கிறீஸ் பூசினேன்.
என்றைக்கோ ஒருநாள் திரும்பக் கழற்ற வேண்டுமே.

இரண்டு நட், அவ்வளவுதான்.
இங்கேதான் பிழைவிட்டேன்.
கசியுமென்று இறுக்கினேன்,
இன்னும் கால் சுற்று,
இன்னும்.
வெற்றிலைக் காம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

இரவு காருக்குக் கீழே பேப்பர் விரித்தேன்.
விடியப் பார்த்தால் மரண அறிவித்தல் பக்கத்தில்
ஏழு பொட்டு. ஒன்று, அளந்து வைத்ததுபோல்,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் நெற்றியில்.
மன்னியுங்கோ ஐயா என்றேன்.

அமலதாசுக்குப் போன் எடுத்தேன்.
"கோர்க்கைப் பிதுக்கிப் போட்டியள்.
முதல் கையால, பிறகு சாவியால அரைச் சுற்று.
கோவம் இல்லாத நாளில செய்யுங்கோ."
"எனக்கு ஒரு கோவமும் இல்லை."
"அப்ப, பயம் இல்லாத நாளில."

இன்னொரு கோர்க் வாங்கினேன்.
புதன் இரவு, வேலை முடிந்து வந்து,
ரோர்ச்சைப் பல்லில் கடித்தபடி.
அரைச் சுற்றில் கை தானாக நின்றது
என்று சொல்ல ஆசைதான்.
நிற்கவில்லை. நிறுத்தினேன்.

வியாழன் விடிய
விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பூனையின் காலடிகள்.
வேறொன்றும் இல்லை.

சனி இரவு கேற் பூட்டப் போனேன்.
பொனற் திறந்திருந்தது.
உள்ளே போன் வெளிச்சம், வெளியே ஜெயசுதனின் முதுகு.
"ஒன்பது வரியோ?" என்றார், திரும்பாமல்.
"ஓம்."
"எட்டெண்டு நினைச்சன்.
பொனற் சரியாப் பூட்டுப்படேல்லை, அதுதான் வந்தனான்."

சாரத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாய் ஒரு கறை.
துடைத்திருக்கிறார்.