அஞ்சாலைக் குளம்

இரவு ஷிஃப்ட் முடிந்து
ஒரே காபியை மாற்றி மாற்றிக் குடித்தபடி
சான்பிரான்சிஸ்கோவின் மேற்கு ஓரத்துக்கு வந்தோம்,
நானும் இம்மாகொலாத்தாவும்.
மாசற்றவள் என்று பொருளாம்.
ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் இம்மா.
நான் கூப்பிட்டால் மட்டும்
முதல் எழுத்து தடுமாறி
அம்மா ஆகிவிடுகிறது.

கீழே சூட்ரோ குளியல்கூடம்,
நாங்கள் இருவரும் பிறக்குமுன்னே எரிந்தது.
கூரை இல்லை. கண்ணாடி இல்லை.
வாடகைக்கு விட்ட கம்பளி நீச்சலுடைகளில்
ஒரு நூல்கூட இல்லை.
தொட்டிச் சுவர்கள் மட்டும் கட்டம் கட்டமாய்,
கடலுக்குக் காட்ட எடுத்துவைத்த கணக்கு நோட்டுபோல.
உள்ளே மழைத்தண்ணீர், பாசி,
அதன்மேல் ஏழு வாத்துகள்
டிக்கெட் எடுக்காமல்.

"ரோமாபுரி மாதிரி இருக்கே" என்றேன்.
இம்மா மூக்கால் சிரித்தாள்.
அவள் நேப்பிள்ஸ்காரி,
ரோமச் சுவரில் துணி காயப்போட்டு வளர்ந்தவள்.

குன்றடியில் இருந்த சுரங்கத்துக்குள் நுழைந்தோம்.
எழுபது எட்டு, மிஞ்சினால் எண்பது.
நடுவழியில் ஒரு பக்கம் பிளந்து கிடக்க
அடியில் அலை வந்து மோதி
பாறையின் வயிற்றுக்குள் ஏப்பம் விட்டது.
"எங்க ஊர்ச் சுரங்கம் முக்கால் கிலோமீட்டர்.
மலையைக் குடைஞ்சு அந்தப் பக்கம் போனா
கடலோரத்துல ஒரு சீமானோட மாளிகை.
இப்ப வெறும் கல்லு.
பேரு மட்டும் அப்படியே இருக்கு:
துயரம் ஓயும் இடம்."

அந்த மாளிகைச் சமையலறையில்
எங்கள் கரை மிளகு இருந்திருக்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
யவனர், மரக்கலம், பருவக்காற்று
எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.
அதற்குள் அவள் மீனுக்குப் போய்விட்டாள்.

சீமான் குளத்தில் ஒரு மீன் வளர்த்தானாம்.
அவள் சொன்ன பெயர் எனக்குப் புரியவில்லை.
பல்லைக் காட்டி
முழங்கையை நெளித்துக் காட்டியதும் புரிந்தது.
அஞ்சாலை.
வலையில் ஏறினால் தூத்துக்குடியில்
கைதேர்ந்தவனே விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான்.

விருந்தன்று ஓர் அடிமைப் பையன்
பளிங்குக் கிண்ணம் ஒன்றை நழுவவிட்டான்.
குளத்தில் போடு என்றான் சீமான்.
பையன் ஓடிப்போய் விருந்தாளியின் காலைப் பிடித்தான்.
உயிரைக் கேட்கவில்லை.
மீனுக்கு வேண்டாம், வேறு மாதிரி
சாக விடுங்கள் என்று கேட்டான்.
விருந்தாளி சக்கரவர்த்தி.
வீட்டிலுள்ள கிண்ணத்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லி
ஒன்று விடாமல் உடைக்கவைத்தாராம்.

அலை ஏறியது.
கம்பித் தடுப்பு நனைந்தது.

போன செவ்வாய்
நாற்பத்தெட்டு ரத்தக் குழாய்கள் இருந்த தட்டு
என் கையிலிருந்து விழுந்தது.
நாற்பத்தெட்டு பேருக்கு மறுபடி ஊசி.
ஒருத்தி, அவர்களில், நான்கு வயது.
வரும் திங்கள் பத்து மணிக்கு
மூன்றாம் மாடியில் விசாரணை.
கடிதத்தில் நான் "மேற்படி ஊழியர்".
பாட்ஜில் "தில்".
தில்லைநாயகி முழுசாக அச்சாக
இடம் போதாதாம்.

"அந்தப் பையன் பேர் என்ன?"

சீமானுக்குப் பெயர் இருக்கிறது.
சக்கரவர்த்தி பெயரில்
வருஷா வருஷம் ஒரு மாதமே வருகிறது.
இம்மா யோசித்தாள்,
உதட்டைப் பிதுக்கினாள்.
"யாரும் எழுதி வைக்கல."

பிறகு கொஞ்ச நேரம்
கடல் மட்டும் பேசியது.

"அந்தத் தட்டு,
இடது கைப்பிடி ஆடுதுன்னு
எனக்கு ஒரு மாசமாத் தெரியும்.
எழுதிக் குடுக்கணும்னு இருந்தேன்.
குடுக்கல."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.
தெரியாதது நல்லதாகப் போயிற்று,
என் முகமும் அங்கேதான் இருந்தது.

கோப்பையில் கடைசி மடக்கு ஆறிக் கிடந்தது.
"நீ குடி" என்றாள்.
"நீ" என்றேன்.