ப, ம, ல

இப்போதைக்கு மூன்றெழுத்துத்தான் என்றா ரொமிலா மிஸ்.
ப. ம. ல.
உயிரில் அகரம், ஆகாரம்.
ஐயும் வரும், கொஞ்சம் காத்து நின்றால்.
"இதுக்குள்ள அடங்குற சொல்லாப் பாத்துக்கொண்டு வாங்க,
எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லம்."

எனக்கு எட்டாம் வகுப்பு.
ஸ்டியரிங்கில் நான் பன்னிரண்டு வருசம்,
பின்கதவில் உதுமாலெப்பை பன்னிரண்டு வருசம்.
ஊரைச் சொன்னது அவன். நிறுத்தியது மட்டும் நான்.

இப்போது அவனுக்குக் ககரம் இல்லை.
அடிநாவில் பிறக்கிற எழுத்தாம்.
கல்முனை போயிற்று.
கல்லாறு, களுவாஞ்சிகுடி, களுதாவளை,
கிரான்குளம், காத்தான்குடி, கல்லடி.
ஒரு எழுத்து இறங்கினதில்
பாதி ரூட் இறங்கிப்போனது.
அவன் பேருக்கு நடுவிலேயே மூன்றும் கிடக்கின்றன,
முன்னால் 'உது' மறித்துக்கொண்டு.

அம்மா. மாமா. பாப்பா. பால்.
முதல் நாள் கொப்பியைக் காட்டினேன்.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டான்.
ஐம்பத்து மூன்று வயது மனிசனிடம்
பாப்பா சொல்லு என்றால்?

பிறகு பலகை பலகையாக வாசித்துக்கொண்டு ஓட்டினேன்.
பாலமுருகன் ஹாட்வெயார்:
பால வரைக்கும் சரி, முருகன் உதவவில்லை.
குருக்கள்மடத்தில் ம உண்டு, ட விடாது.
மாலா டெக்ஸில் மாலா முழுசாகக் கிடைத்தாள்.
எழுதிவிட்டு வெட்டினேன்.
றம்சியா வாசித்தால், யாரந்த மாலா என்பாள்.

பலா. அப்பம். பாலப்பம். லாபம்.
பின்சீட்டு ரியூசன் பிள்ளைகள் விசயம் அறிந்து
ஆலை, மாலை, அம்பலம் என்று எறிந்தார்கள்.
மீன்பெட்டியோடு ஏறிய ஆள் அம்பா என்றார்,
வலை இழுக்கையில் பாடுவது. அதையும் போட்டேன்.
புதுக் கண்டக்டர் பொடியன்
மிச்சக்காசைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்து
"மாம்பழம்!" என்று கத்தினான்.
ழ வேற, ல வேற என்று ஒரு பிள்ளை
மிச்சத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அவன் முதலில் சொன்னது எது தெரியுமா?
மலம்.
தெளிவாக, இரண்டு தரம்.
நேர்ஸ் ஓடிவந்து தட்டு வைத்தா.
நாற்பத்தொரு சொல் சேர்த்திருந்தேன், அதை விட்டிருந்தேன்.

வியாழன் மழை.
கல்லடியில் வாகனம் தேங்கி
பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தேன்.
இரண்டு பக்கமும் வாவி சாம்பலாய்.
நாளுக்கு நாலு தரம் கடக்கிற இடம்.
எந்தப் பலகையிலும் இல்லை அது,
டயருக்குக் கீழே கிடந்தது:
பா. ல. ம்.
பின்னால் யாரோ ஹோர்ன் அடிக்கும் வரை
அப்படியே நின்றுவிட்டேன்.

பின்னேரம் கட்டிலருகே குனிந்து சொன்னேன்.
வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு திறந்தது.
பா.
நெடுநேரம் வெறும் பா.
பிறகு பழைய இழுவையில்,
கதவுக் கம்பியில் தொங்குகிறவன் மாதிரி,
"பாலா...ம்!"
பதினாலாம் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்து
செருப்பைத் தேடினார்.
றம்சியா சிரித்தாள், சிரித்தபடியே
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப வாறாய் பஸ்ஸுக்கு?"
கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.
அவன் கூரையைப் பார்த்தான்,
மின்விசிறியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"பாப்பம்."

கொப்பியைப் புரட்டினேன். இல்லை.
விரல் விட்டு எண்ணினேன்: பா, ப், ப, ம்.
எல்லாம் அவனிடம் உள்ள எழுத்துத்தான்.

வாசலுக்கு வந்தபோது பின்னால் சத்தம்.
இடது கையால் கட்டில் கம்பியில்
இரண்டு தட்டு.
போகலாம் என்று அர்த்தம்.
என் கால் தானாகவே
கிளச்சைத் தேடிற்று.