சரிபாதி

ஹெப்பாளம் தாண்டி, விவசாயக் கல்லூரிப் பக்கம்,
மூன்று கதவு கடந்தால் என் வேலை.
ஒன்றைச் சாத்தாமல் அடுத்தது திறக்காது.
உள்ளே எந்நாளும் இருபத்தேழு டிகிரி,
துணி காயாத ஐப்பசி ஈரம்.
வெளியே பெங்களூர் ஸ்வெட்டர் போட்டுத் திரிகையில்
நான் வியர்த்துக்கொண்டு
கொசுப்புழுவுக்கு மீன்தீனி தூவுவேன்.

இன்று எண்ணிக்கை நாள்.
நுண்ணோக்கியில் பச்சை விளக்கைப் போட்டால்
சரக்கு உள்ள புழுவின் கண் சிவப்பாய் எரியும்.
இல்லாததன் கண் வெறும் கண்.
தாயிடம் ஒரு பிரதி, தகப்பனிடம் இல்லையென்றால்
பிள்ளைகளில் பாதிக்குத்தான் போய்ச் சேரவேண்டும்,
பூவா தலையா சுண்டுவதுபோல.
பட்டாணிச் செடிமுதல் பட்டத்து யானைவரை
அதுதான் சட்டம்.
தட்டில் நூறு.
எரிந்தவை தொண்ணூற்றேழு.

"இன்னொம்மே எணிசி" என்றார் சௌபர்ணிகா மேடம்.
எண்ணினேன்.
தொண்ணூற்றேழு.

டப்பா சாப்பாட்டின்போது எப்படியென்று கேட்டேன்.
எதிர் இழையை அது வெட்டும் என்றார்.
வெட்டுப்பட்டது பதறிப்போய்
ஒட்டுப்போட ஒரு மாதிரி தேடும்.
பக்கத்திலேயே நிற்கும் வெட்டிய கத்தி:
என்னைப் பார்த்து எழுதிக்கொள்.
பாதி இருந்த இடத்தில் முழுசு.

பருக்கை தொண்டையில் நின்றது.
எனக்கு இந்த ஆளைத் தெரியும்.

ஸ்ரீராமபுரத்தில் பதினெட்டுக்கு முப்பது, இரண்டு மாடி.
அப்பா போன பதினாறாம் நாள்
அண்ணன் தனசேகர் முத்திரைத்தாளோடு வந்தான்.
"சும்மா ஒரு கையெழுத்து, பூங்கோதை.
உன் பாகம் உன்கிட்ட இருந்தா என்ன,
என்கிட்ட இருந்தா என்ன?"
அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லியாகவேண்டும்.
பேனாகூட அவனே கொண்டுவந்திருந்தான்.
எங்கே போடவேண்டும் என்று பென்சிலால் கோடு கிழித்திருந்தான்.
கோட்டின்மேல் எழுதினேன்.

இதை மனுஷன் கண்டுபிடிக்கவில்லை என்றார் மேடம்.
எலியில் உண்டு:
தன்னைச் சுமக்காத விந்தை ஓட்டத்திலேயே முடமாக்கும்.
சில நாட்டு மாவு வண்டில் உண்டு:
தாய் தன் முட்டைக்கெல்லாம் விஷம் வைப்பாள்,
முறிவு கையிலுள்ள பிள்ளை மட்டும் பிழைக்கும்.
சுமக்கிற உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை,
ஆனாலும் வாரிசாய் வந்துகொண்டே இருக்கும்.
நாம் செய்ததெல்லாம் அந்தக் கத்தியின் முதுகில்
ஒரு மருந்துப் பொட்டலம் கட்டியது:
காய்ச்சல் கிருமி வளரமுடியாத கொசு.
ஓர் ஊருக்குச் சில நூறு பறக்கவிட்டால் போதும்,
மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும்.
டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்:
"விட்டா, திரும்பக் கூப்பிட முடியாது."

மிச்சம் மூன்று. தனித் தட்டில்.
அவற்றிலும் வெட்டு விழுந்திருக்கிறது.
மாதிரி பார்க்காமல்
கோணல்மாணலாய்த் தாமே தைத்துக்கொண்டவை.
அந்தத் தழும்பில் கத்தி இனி இறங்காது.
மேடத்துக்கு அது தலைவலி.
நான் அந்த மூன்றுக்கும் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்.
பதிவேட்டில் எழுதவில்லை.

போன வாரம் அண்ணனுக்குக் குளிர்ஜுரம்.
இரண்டு கம்பளிக்குக் கீழே கட்டிலே நடுங்கியது.
மலேரியா என்று சீட்டு வந்தது.
மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு
என் பெயரில்லாத மாடிக்கு ஏறினேன்.
தொட்டி மூடி விலகியிருந்தது.
செல்போன் வெளிச்சத்தில்
நீர்மட்டத்தோடு படுக்கைவாட்டில் கிடந்தன,
நான் வளர்க்கும் அதே இனம்.
பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன்.
யாரும் கைவைக்காத கூட்டம்.
தாயில் பாதி, தகப்பனில் பாதி,
ஒவ்வொன்றும் நியாயமாய்ப் பிறந்தது,
ஒவ்வொன்றும் நாளை யாரையாவது கடிக்கும்.
நாற்பத்தொன்றுவரை எண்ணினேன்.
பிறகு வால்வைத் திறந்து
மொத்தத்தையும் மாடியில் ஓடவிட்டேன்.
மூடியைச் சாத்தி ஒரு செங்கல் ஏற்றினேன்.

கீழிருந்து அண்ணன் குரல், பல் கிட்டியபடி:
"தண்ணி ஏன் நின்னுபோச்சு?"