காண்க

உறைக்குள் ஒரே தாள்.
மறு ஆய்வு மறுக்கப்படுகிறது.
காண்க: ஹலமெக்.

கல்லில் நார் உரிக்க நினைக்காதே என்று
போனிலேயே முடித்துக்கொண்டார் வக்கீல்.
சரி, காண்போமே என்று
பஸ் பிடித்து லிங்கன் நகரம் போனாள் டார்லீன் வோண்ட்ரா.
இறைச்சி ஆலை ரம்பத்துக்கு
வலது கையில் மூன்று விரல் கொடுத்தவள்.
நெப்ராஸ்கா முழுக்கப் பனி மூடிய வாரத்தில்
மனுவை ஒரு நாள் பிந்திக் கொடுத்தவள்.

சட்ட நூலகத்தில் இருந்தான் ஹலமெக்.
முப்பத்தொன்றாம் வருஷம், பிளாட் ஆற்றில் வெள்ளம்,
பாலம் போய் மூன்று நாள் தாமதம்.
வெள்ளம் ஒரு காரணமாகாது.
ஐந்து நீதிபதிகள் ஒப்பம்.
கீழே, பொடி எழுத்தில்,
காண்க: ஸ்ட்ரவுட்.

ஏணியை நகர்த்தி ஏறினாள்.
தோல் அட்டை செந்தூளாய் விரலில் ஒட்டியது,
இருக்கிற விரலில்.

எஸ்ரா ஸ்ட்ரவுட், ரயில்வே கம்பெனிக்கு எதிராக.
தண்டவாளத்தில் அடிபட்ட கோவேறு கழுதை ஒன்று,
விலை நாற்பது டாலர்.
தீர்ப்பு நான்கே வரி.
சட்டம் இல்லை, தர்க்கம் இல்லை,
காண்க என்றுகூட இல்லை.
கூப்பிட்டபோது வாதி வரவில்லை,
தள்ளுபடி.

அவ்வளவுதான்.
இத்தனை தளமும் எழும்பி நிற்பது
வராத ஒருவன் தலைமேல்.

நூலகர் மேசை விளக்குகளை
ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டு வந்தார்.
இடது கைக்கு எழுத்து இன்னும் பழகவில்லை.
பென்சிலால், பக்க ஓரத்தில், கோணலாய்:

அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சலோ,
கோர்ட்டுக்கு ஏறி வரக்
கழுதை இல்லையோ,
யார் கண்டது.