பட்ட கால்

யுவாஸ்கூலாவில் நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
ட்ரெட்மில்லின் மேல் நடந்துகொண்டிருக்கிறேன்,
அடியில் இரண்டு தராசுகள் ஒளிந்திருக்கின்றன.
திரையில் இரண்டு கம்பங்கள்:
வலது பச்சை. இடது நீலம்.
நீலம் குட்டை.

நான் நொண்டவே இல்லையே என்கிறேன்.
யோவுனி மறுக்கவில்லை.
கண்ணுக்குத் தெரியாது, ரீக்கா,
தராசுக்குத் தெரியும்.
நூற்றில் நாற்பத்து மூன்று.
மீதியை வலது சுமக்கிறது,
கேட்காமலே, கணக்குச் சொல்லாமலே.

மார்ச்சில் ஒரு வியாழன், ஃப்ளோர்பால்.
எதிரணியில் எவரும் என்னைத் தொடவில்லை.
நான் திரும்பினேன், பாதம் திரும்பவில்லை,
நடுவில் இருந்த முழங்கால்
இருவர் பேச்சையும் கேட்கப் பார்த்தது.
சுள்ளி ஒடிந்த சத்தம்.
தொடையின் பின்னாலிருந்து நாண் ஒன்றை உருவி
எலும்பில் துளைபோட்டுக் கட்டினார்கள்.
தழும்பு வெளுத்துவிட்டது.
தபால் பையை மாட்டிக்கொண்டு
வேலைக்கே போய்விட்டேன்.

பட்ட காலிலே படும் என்று
காலே முடிவு செய்திருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யோவுனி பிளாஸ்டிக் முழங்காலைத் திறக்கிறார்.
முட்டை வெள்ளைபோல் ஒரு பூச்சு, குருத்தெலும்பு.
இதற்கு ரத்தக்குழாய் கிடையாது.
ஊன்றினால் பிழியும், எடுத்தால் உறிஞ்சும்.
எடைதான் இதற்குச் சோறு.

அடப்பாவமே.
எட்டு மாதமாய்ப் பொத்திப் பொத்திப்
பட்டினி போட்டிருக்கிறேன்.

வயதானால் மூட்டுவாதம் வருமா?
வரலாம். வராமலும் போகலாம்.
இப்போதைக்கு நீலத்தை ஏற்றுங்கள்.

குதிகால். பிறகு மடங்கட்டும், மடங்கி வாங்கட்டும்.
மடங்க மாட்டேன் என்று பலகையாய் விறைக்கிறது.
நாற்பத்து நான்கு.
நாற்பத்து மூன்று.
நாற்பத்து ஆறில் பெட்டி டிங் என்கிறது.
முப்பத்து நாலு வயதில்
அந்த டிங்குக்காக, மீனுக்கு வாய் பிளக்கும்
சீல் மாதிரி ஆகிவிட்டேன்.

பிறகு திரையை அணைத்துவிட்டார்.
இனி காதால் பாருங்கள்.
தொப். தப்.
தொப். தப்.
இத்தனை நாள் இரண்டு பேர்
என்னுள் நடந்திருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் புதுப்பனி.
பின்னால் ஓய்வா, ஆறு வயது,
என் தடத்திலேயே கால் வைத்து வருகிறான்.
தபால் பெட்டியருகே நின்றுவிட்டான்.
அம்மா, இந்தப் பக்கக் குழி சின்னதா இருக்கு.

திரும்பிப் பார்க்கிறேன்.
தெருவிளக்கின் கீழ்
வாசல்வரை எழுதி வைத்திருக்கிறது:
ஆழம், மேலோட்டம், ஆழம், மேலோட்டம்.
இதற்கு யுவாஸ்கூலாவில் மருத்துவமனை எதற்கு.

அவன் இரண்டு காலாலும் எம்பி
இடது தடத்தில் குதிக்கிறான்,
மறுபடி குதிக்கிறான்,
பூட்ஸ் மறையுமளவு.
இப்போ சரியா?

அது செல்லாது, ஓய்வா.
தள்ளி நில்.
அடுத்ததை நான் போடுகிறேன்.